வொர்க்பெஞ்ச், டிபீவர், பிஎச்பிமைஅட்மின்: குவெரி மக்கர் செய்யும்போது எங்கே பார்ப்பது

சிவப்பு எழுத்தில் எரர் வந்ததும் குவெரியை (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையை) திருத்த உட்காருவதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் தவறு. குவெரியை எழுதுவது நீங்கள், கொண்டுபோவது டூல் (வொர்க்பெஞ்ச், டிபீவர், பிஎச்பிமைஅட்மின் போன்ற மென்பொருள்), பதில் சொல்வது டேட்டாபேஸை வைத்திருக்கும் சர்வர். மூன்றில் எது பேசுகிறது என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் இதைக் கண்டுபிடிக்க எரர் எண்ணே போதும். 1000 முதல் 1999 வரையும், 3000-க்கு மேலும் வந்தால் சர்வர் பேசுகிறது. குவெரி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, சர்வர்தான் மறுத்திருக்கிறது. 2000 முதல் 2999 வரை என்றால் உங்கள் பக்கத்து கனெக்‌ஷன் பேசுகிறது. எண்ணே இல்லாமல் ஒரு பெட்டி மட்டும் எழும்பினால் அது அநேகமாக டூலின் சொந்தச் சொல்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அதே குவெரியை, அதே யூசரில், கறுப்புத் திரை கிளையன்ட்டில் (பட்டன் இல்லாமல் கட்டளையைத் தட்டி ஓட்டும் மைஎஸ்க்யூஎல் நிரலில்) ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால் குவெரியைத் தொடவே வேண்டாம்.

கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் தண்ணீர் கேன் சப்ளை செய்யும் ஒரு சென்னை ஏஜென்சிக்கு இருக்கக்கூடிய இரண்டு டேபிள்களை வைத்து: வாடிக்கையாளர், டெலிவரி. கட்டளைச் சொற்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஓட்டியது ஒன்று, ஓடியது வேறொன்று

வொர்க்பெஞ்சில் மின்னல் படம் இரண்டு இருக்கும். வெறும் மின்னலை அழுத்தினால் (கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என்டர்) எடிட்டரில் உள்ள அத்தனையும் ஓடும். ஏதாவது தேர்ந்தெடுத்திருந்தால் அது மட்டும் ஓடும். கர்சர் கோடு சேர்ந்த மின்னல் (கண்ட்ரோல்+என்டர்) கர்சர் நிற்கிற ஸ்டேட்மென்ட்டை மட்டும் ஓட்டும். டிபீவரில் கண்ட்ரோல்+என்டர் ஒரு ஸ்டேட்மென்ட்டுக்கு, ஆல்ட்+எக்ஸ் முழு ஸ்கிரிப்ட்டுக்கு. போஸ்ட்கிரேஸ் டேட்டாபேஸுக்கான பிஜிஅட்மினில் எஃப்5 அழுத்தினால் தேர்வு எதுவும் இல்லாதபோது மொத்தமும் போகும். ஒரு டூலில் பழகிய விரல் அடுத்த டூலில் தப்பு செய்வது இதனால்தான்.

ஆபத்து தேர்வில் இருக்கிறது. இரண்டு வரி டெலிட்டில் முதல் வரி மட்டும் நீலமாகத் தேர்வாகியிருந்தால், 'வேர்' (எந்தப் பதிவுகள் என்று சொல்லும் பகுதி) இல்லாத டெலிட் சர்வருக்குப் போகும். சர்வருக்கு அது சுத்தமான குவெரி.

டிபீவரில் இதே விபத்து தேர்வே இல்லாமலும் நடக்கும். இதைப் பாருங்கள்:

டெலிட் ஃப்ரம் டெலிவரி

வேர் தேதி < '2023-04-01';

நடுவில் படிக்க வசதியாக விட்ட ஒரு வெற்று வரிதான் வினை. வெற்று வரியையும் ஸ்டேட்மென்ட்டின் முடிவாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு டிபீவரில் உண்டு. அது இயங்கும்போது கர்சர் முதல் வரியில் இருந்து கண்ட்ரோல்+என்டர் அழுத்தினால், டெலிவரி டேபிள் முழுவதும் காலி. 'வேர் இல்லாத டெலிட்டை ஓட்டப் போகிறீர்கள்' என்று ஒரு பெட்டி கேட்கும். பழக்கதோஷத்தில் எஸ் கொடுத்துவிடாதீர்கள். வின்டோ, பிரிஃபரன்ஸஸ், எடிட்டர்ஸ், எஸ்க்யூஎல் எடிட்டர், எஸ்க்யூஎல் பிராசஸிங் என்று போய் வெற்று வரி அமைப்பை நிறுத்திவிடுங்கள். அப்புறம் அரைப்புள்ளி போட மறக்கக் கூடாது, ஏனென்றால் இனி அது ஒன்றுதான் எல்லை.

ஓடியது, ஆனால் 'ஜீரோ ரோஸ் அஃபெக்டெட்'

வொர்க்பெஞ்சின் கீழ்ப் பட்டையில் முழு வரியையும் படியுங்கள். 'மேட்ச்ட்: 412 சேஞ்ச்ட்: 0' என்றால் 'வேர்' சரியாகத்தான் பிடித்திருக்கிறது, நீங்கள் போட நினைத்த மதிப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மேட்ச்ட் என்பதே 0 என்றால்தான் 'வேர்' பொருந்தவில்லை.

எரர் 1175: சேஃப் அப்டேட் மோட்

வொர்க்பெஞ்ச் தானாகவே போட்டுவைக்கும் பூட்டு இது. கீ (பதிவைச் சட்டென்று தேட உதவும் இண்டெக்ஸ்) இல்லாத புலத்தை 'வேர்'-இல் வைத்து அப்டேட், டெலிட் செய்ய விடாது. இந்தச் செஷனுக்கு மட்டும் திறக்க:

செட் எஸ்க்யூஎல்_சேஃப்_அப்டேட்ஸ் = 0;

வேலை முடிந்ததும் 1 என்று திருப்பிப் போடுங்கள். பிரிஃபரன்ஸஸில் எஸ்க்யூஎல் எடிட்டர் பக்கத்தின் அடியில் உள்ள டிக்கை எடுத்தும் நிரந்தரமாக நிறுத்தலாம். ஆனால் எடுத்த பிறகு குவெரி மெனுவில் 'ரீகனெக்ட் டு சர்வர்' கொடுக்காமல் அது வேலைக்கு ஆகாது. 'டிக்கை எடுத்தும் அதே எரர்' என்பவர்கள் விட்ட படி இதுதான். எங்களைக் கேட்டால் நிரந்தரமாக எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வோம்.

கீ உள்ள புலத்தைத்தான் வைத்தேன், அப்படியும் 1175 வருகிறது என்றால் எரரின் வாலைப் படியுங்கள். 'டைப் ஆர் கொலேஷன் கன்வெர்ஷன்' என்று இருந்தால், எழுத்துப் புலத்தை எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். இந்த விஷயம் கடைசியில் இன்னொரு முறை வரும்.

எரர் 2013: சரியாக 30 வினாடியில் அறுந்துபோகிறது

'லாஸ்ட் கனெக்‌ஷன் டூ மைஎஸ்க்யூஎல் சர்வர் டியூரிங் குவெரி' என்ற வாசகத்தைப் பார்த்து நெட்டைத் திட்டாதீர்கள். கீழ்ப் பட்டையில் ஓடிய நேரத்தைப் பாருங்கள். 30.00-ஐ ஒட்டி இருந்தால் பொறுமை இழந்தது வொர்க்பெஞ்ச். பிரிஃபரன்ஸஸ், எஸ்க்யூஎல் எடிட்டர், 'டிபிஎம்எஸ் கனெக்‌ஷன் ரீட் டைம்அவுட் இன்டர்வல்' என்ற இடத்தில் 30 இருக்கும். அதை 600 ஆக்கி, வொர்க்பெஞ்சை மூடித் திறங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று: டூல் விட்டுவிட்டதே தவிர சர்வர் விடவில்லை. நீங்கள் அனுப்பிய ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். தெரியாமல் மறுபடி ஓட்டினால் இரண்டாவது ஆல்டர் முதலாவதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். மூன்றாவது முறை மூன்றாவது. ஒருவர் நாலு தடவை அழுத்திவிட்டு 'சர்வர் ஹேங்' என்று போன் செய்வது இப்படித்தான். எனவே 2013 வந்தால் அடுத்த குவெரி எதுவாக இருக்க வேண்டும் தெரியுமா?

ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்;

உங்கள் பழைய குவெரி அங்கே இருந்தால் அதன் எண்ணைப் பார்த்து, காத்திருப்பதா, 'கில் குவெரி' கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். பெரிய டேபிளில் பாதி தூரம் போன அப்டேட்டைக் கொன்றால் உடனே விடாது. செய்ததை எல்லாம் திரும்பப் போட்டுவிட்டுத்தான் விடும். அதற்கும் நேரம் எடுக்கும், சில சமயம் அதிகமாகவே எடுக்கும். அந்த நேரத்தில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அந்த ரோல்பேக் மறுபடி எழும்பிய பின்னும் தொடரும்.

2006 'கான் அவே' வேறு சங்கதி. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து ஓட்டினால் வந்தால், சும்மா இருந்த கனெக்‌ஷன் மூடப்பட்டிருக்கிறது, ரீகனெக்ட் போதும். பெரிய இன்சர்ட் ஓட்டும்போது வந்தால் மேக்ஸ்_அலவுட்_பாக்கெட் (ஒரே முறையில் அனுப்பக்கூடிய உச்சம்) அளவைப் பாருங்கள். 8.0 சர்வரில் அதன் இயல்பு அளவு 64 எம்பி.

எரர் 1205: 50 வினாடி காத்திருந்து கைவிரிக்கிறது

'லாக் வெயிட் டைம்அவுட்'. யாரோ ஒருவர் அதே பதிவைப் பிடித்துவைத்திருக்கிறார், சர்வர் 50 வினாடி பார்த்துவிட்டு உங்களைத் திருப்பி அனுப்பியது. அந்த யாரோ பெரும்பாலும் பக்கத்து சீட்டில் ஆட்டோ கமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிரந்தரமாக்கும் அமைப்பை) நிறுத்திவைத்து, ஒரு அப்டேட்டை ஓட்டிவிட்டு, டீ குடிக்கப் போனவர். பல நேரம் அது நீங்களே திறந்துவைத்த இன்னொரு டூலாகவும் இருக்கும்.

யார் என்று பார்க்க: செலக்ட் * ஃப்ரம் சிஸ்.இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ், இதை 1205 வருவதற்கு முன், அதாவது குவெரி காத்து நிற்கும்போதே, இன்னொரு கனெக்‌ஷனிலிருந்து ஓட்ட வேண்டும். வந்த பிறகு ஓட்டினால் காலியாக இருக்கும். 'பிளாக்கிங்_பிஐடி' என்ற புலத்தில் இருப்பது பூட்டை வைத்திருப்பவரின் எண். கொல்வதற்கான கட்டளையைக்கூட அந்த டேபிளே ஒரு புலத்தில் தயாராக எழுதித் தரும்.

ஒரு நுணுக்கம். 1205 வந்தால் இயல்பாக அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும்தான் ரத்தாகும். அதற்கு முன் அதே டிரான்சாக்‌ஷனில் (சேர்ந்தே நிரந்தரமாகும் அல்லது ரத்தாகும் கட்டளைத் தொகுதியில்) செய்தவை கமிட் ஆகாமல், அதாவது நிரந்தரமாகாமல், தொங்கிக்கொண்டிருக்கும். 1213 'டெட்லாக்' (இருவர் ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து நிற்பது) வந்தால் முழு டிரான்சாக்‌ஷனும் ரத்து. முதலாவதில் 'எல்லாம் போச்சு' என்று நினைத்து முதலிலிருந்து ஓட்டினால் இரட்டைப் பதிவு விழும்.

ஆப்பில் தெரிகிறது, டூலில் தெரியவில்லை

ஆப்பில் புது ஆர்டர் விழுந்திருக்கிறது. டூலில் எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் காலையில் பார்த்த அதே எண்ணிக்கை. கேஷ் என்று சொல்லி விட்டுவிடுவார்கள், கேஷ் இல்லை. ஆட்டோ கமிட் நின்றிருக்கும் செஷனில் முதல் செலக்ட் ஓடியதுமே டிரான்சாக்‌ஷன் தொடங்கிவிடுகிறது. மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான டேபிள் வகை இன்னோடிபி. அதன் இயல்பு நிலையான 'ரிப்பீட்டபிள் ரீட்' அந்த நொடியின் படத்தைத்தான் கடைசிவரை காட்டும். ஒரு கமிட் கொடுத்துவிட்டு மறுபடி செலக்ட் ஓட்டுங்கள், வந்துவிடும். டிபீவரில் மேல் பட்டையில் 'ஆட்டோ' அல்லது 'மேனுவல்' என்று எழுதியிருக்கும். வொர்க்பெஞ்சில் குவெரி மெனுவில் ஆட்டோ கமிட் டிக்.

பிஎச்பிமைஅட்மினில் நேர் எதிரான தொல்லை. 'ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்' ஓட்டினேன், டெலிட் ஓட்டினேன், 'ரோல்பேக்' ஓட்டினேன், ஒன்றும் திரும்பவில்லை என்பார்கள். அங்கே ஒவ்வொரு 'கோ' பட்டனும் ஒரு புதிய கனெக்‌ஷன். முதல் முறை தொடங்கிய டிரான்சாக்‌ஷன் அந்தப் பக்கம் வந்து முடிந்ததும் செத்துப்போனது. டெலிட் தனியாக ஓடி நிரந்தரமானது. தற்காலிக டேபிள் உருவாக்கிவிட்டு அடுத்த முறை கேட்டால் 1146 வருவதும், செட் கொடுத்த செஷன் மாறி மறந்துபோவதும் இதே காரணம்தான். மூன்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து எழுதி ஒரே முறை ஓட்ட வேண்டும்.

டேபிள் மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய வகை என்றால் எந்த டூலிலும் ரோல்பேக் கிடையாது. 'டிராப்', 'ஆல்டர்' போன்றவை மைஎஸ்க்யூஎல்லில் தாமாகவே கமிட் செய்துவிடும்.

தமிழ் கேள்விக்குறியாகிறது, அல்லது கிறுக்கலாகிறது

இரண்டும் ஒரே நோய் இல்லை. கேள்விக்குறியாக இருந்தால் தமிழ் தொலைந்துவிட்டிருக்கலாம். தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் இருக்கும் பதிவுக் குறியும் மாறி மாறி வந்தால் தமிழ் இன்னும் உயிரோடு இருக்கிறது, தப்பான கண்ணாடி வழியாகப் பார்க்கிறீர்கள்.

திரையை நம்பாமல் நீளத்தைக் கேளுங்கள். 'சென்னை' என்று இருக்க வேண்டிய ஒரு பதிவை எடுத்து:

செலக்ட் கேர்_லெங்த்(ஏரியா), லெங்த்(ஏரியா) ஃப்ரம் வாடிக்கையாளர் வேர் எண் = 17;

'சென்னை' என்பது யூனிகோடில் ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று 6 குறியீடுகள். யுடிஎஃப்8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக, வர வேண்டியது 6-உம் 18-உம்.

6, 18 வந்தால் டேட்டா சரி. கோளாறு டூலின் கனெக்‌ஷன் அமைப்பிலோ எழுத்துருவிலோ இருக்கிறது; ஆல்டர் எதுவும் ஓட்டிவிடாதீர்கள்.

6, 6 வந்தால் உள்ளே நிஜமாகவே ஆறு கேள்விக்குறிகள். திரும்பாது. பழைய பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஸ்டிரிக்ட் மோட் (தப்பான மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) இயங்கியிருந்தால் சர்வர் 1366 கொடுத்துத் தடுத்திருக்கும். யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

18, 18 வந்தால் யுடிஎஃப்8 பைட்டுகள் லாட்டின்1 (மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய எழுத்துமுறை) புலத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நேரடியாக யுடிஎஃப்8எம்பி4-க்கு (மைஎஸ்க்யூஎல்லின் முழு யுடிஎஃப்8-க்கு) மாற்றினால் கிறுக்கல் நிரந்தரமாகிவிடும். முதலில் பைனரியாக்கி, பிறகு மாற்ற வேண்டும்:

ஆல்டர் டேபிள் வாடிக்கையாளர் மாடிஃபை ஏரியா வார்பைனரி(100);
ஆல்டர் டேபிள் வாடிக்கையாளர் மாடிஃபை ஏரியா வார்கேர்(100) கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4;

புலத்தில் 'நாட் நல்', 'டிஃபால்ட்' இருந்தால் இரண்டாவது வரியில் மறுபடி எழுதுங்கள். 'மாடிஃபை' எழுதாததை எல்லாம் தூக்கிவிடும்.

18, 37 என்று விசித்திரமாக வந்தால் மேலே சொன்ன 'நேரடியாக மாற்றுவது' ஏற்கெனவே நடந்துவிட்டது. கலங்க வேண்டாம். டேபிளை நகல் எடுத்துவைத்துவிட்டு, கன்வெர்ட்(காஸ்ட்(கன்வெர்ட்(ஏரியா யூஸிங் லாட்டின்1) ஆஸ் பைனரி) யூஸிங் யுடிஎஃப்8எம்பி4) என்பதை முதலில் செலக்டில் போட்டுப் பாருங்கள். தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் அதையே அப்டேட்டில் வையுங்கள். ஏற்கெனவே சரியாக இருக்கிற பதிவுகளின் மேல் இதை ஓட்டினால் அவை கெட்டுவிடும். நீளம் பார்த்து வடிகட்டுங்கள்.

பழைய 'யுடிஎஃப்8' என்பது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும். அதனால்தான் பெயர்கள் எல்லாம் நன்றாக இருந்து, யாரோ ஒரு வாடிக்கையாளர் குறிப்பில் ஸ்மைலி போட்ட அன்றைக்கு 1366 வருகிறது.

சிஎஸ்வியாக எடுத்து எக்ஸெலில் திறந்தால் மட்டும் கிறுக்கல் என்றால் டேட்டாபேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபைலை டபுள் கிளிக் செய்யாமல், எக்ஸெலின் டேட்டா பட்டையில் இம்போர்ட் கொடுத்து 65001 என்ற எழுத்துமுறையைத் தேருங்கள். டிபீவர் எக்ஸ்போர்ட்டில் 'இன்சர்ட் பிஓஎம்' (இது யுடிஎஃப்8 ஃபைல் என்று காட்டும் முன்குறி) டிக் போட்டால் அதுவும் தேவையில்லை.

இன்னும் ஒரு தமிழ்ச் சிக்கல், அபூர்வமாக வரும், வந்தால் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். கண்ணுக்கு 'கொளத்தூர்' என்று ஒன்றாகத் தெரியும் இரண்டு பதிவுகளில் 'வேர் ஏரியா = ' ஒன்றை மட்டும் பிடிக்கும். ஒன்றில் கொ என்பதன் குறி ஒரே குறியீடு. மற்றதில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. கேர்_லெங்த் ஒன்றுக்கு 9, இன்னொன்றுக்கு 10 காட்டும். கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) 'பின்' வகையாக இருந்தால் இரண்டும் அதற்கு வேறு வேறு சொற்கள்.

நேரம் 5:30 மணி பின்தங்குகிறது

காலை 6 மணி டெலிவரி நள்ளிரவு 12:30 என்று தெரிந்தால் சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. 'டைம்ஸ்டாம்ப்' புலம் செஷனின் நேர மண்டலத்துக்கு ஏற்ப மாறிக் காட்டும். 'டேட்டைம்' போட்டதை அப்படியே காட்டும். இரண்டும் கலந்த டேபிளில் ஒன்று சரியாகவும் ஒன்று தப்பாகவும் தெரியும்.

இதில் நிஜமான நஷ்டம் ரிப்போர்ட்டில். ஏப்ரல் 1 காலை 5 மணி டெலிவரி, யுடிசி செஷனில் மார்ச் 31 இரவு 11:30. தேதி வாரியாகக் கூட்டினால் ஒரு நாள் மட்டுமல்ல, நிதியாண்டே மாறிவிடும். செட் டைம்_ஸோன் = '+05:30'; என்று செஷன் தொடக்கத்தில் கொடுங்கள். 'ஏஷியா/கொல்கத்தா' என்று எழுதினால் 1298 வரலாம். நேர மண்டல டேபிள்கள் ஏற்றப்படாத சர்வர் அது. டிபீவரில் 'ஐஎஸ்டி' புரியவில்லை என்று டிரைவர் (டூலைச் சர்வரோடு இணைக்கும் நிரல்) புலம்பினால் தப்பு அதன்மேல் இல்லை, இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட அதே மூன்றெழுத்தை வைத்திருக்கின்றன. டிரைவர் பிராப்பர்ட்டீஸில் சர்வர்டைம்ஸோன் என்பதற்கு ஏஷியா/கொல்கத்தா கொடுங்கள்.

எரர் 1064: சின்டாக்ஸ்

'நியர்' என்ற சொல்லுக்குப் பின் மேற்கோளில் வருவது, சர்வர் எங்கே குழம்பியதோ அந்த இடம். தப்பு பெரும்பாலும் அதற்கு ஒரு சொல் முன்னால் இருக்கும்.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து ஒட்டிய குவெரியா? மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும். அழித்துவிட்டு விசைப்பலகையில் நேராகத் தட்டுங்கள்.

5.7-இல் ஓடியது 8.0-இல் ஓடவில்லையா? 'ரேங்க்', 'குரூப்ஸ்', 'சிஸ்டம்' எல்லாம் இப்போது ஒதுக்கப்பட்ட சொற்கள். புலத்துக்கு அந்தப் பெயர் இருந்தால் எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் சாய்ந்த குறிக்குள் போடுங்கள்.

'சோர்ஸ்' கொடுத்தால் 1064? அது எஸ்க்யூஎல்லே இல்லை, கறுப்புத் திரை கிளையன்ட்டின் சொந்தக் கட்டளை. பிஜிஅட்மினின் குவெரி டூலில் பின்சாய்வுக் கோடு போட்ட கட்டளைகள் ஓடாததும் இதே கதை. அவற்றுக்கு உள்ளேயே தனியாக பிஎஸ்க்யூஎல் டூல் இருக்கிறது. 'டிலிமிட்டர்' (ஸ்டேட்மென்ட்டின் முடிவுக் குறியை மாற்றும் கட்டளை) இரண்டுங்கெட்டான்: சர்வருக்குத் தெரியாது, ஆனால் வொர்க்பெஞ்ச் புரிந்துகொண்டு தானே கையாளும். பிஎச்பிமைஅட்மினில் எடிட்டருக்குக் கீழே அதற்கென ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஸ்டோர்டு புரொசீஜர் (சர்வரிலேயே சேமித்துவைக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதும்போது முதல் அரைப்புள்ளியிலேயே 1064 வந்தால் இதைத்தான் மறந்திருக்கிறீர்கள்.

1046 'நோ டேட்டாபேஸ் செலக்டெட்' வந்தால் இடப்பக்கப் பட்டியலில் ஸ்கீமாவை (டேட்டாபேஸை) டபுள் கிளிக் செய்து பெயர் தடிமனாகிறதா என்று பாருங்கள். 1055 வந்தால் 'குரூப் பை' என்ற பகுதியில் இல்லாத புலம் செலக்டில் இருக்கிறது, 5.7 முதல் சர்வர் இதில் கறார்.

போஸ்ட்கிரேஸ் பக்கம் மட்டும் வருபவை

டேபிள் இடப்பக்கம் தெரிகிறது, குவெரியில் 'ரிலேஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்கிறது: டேபிளை உருவாக்கும் பெட்டியில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கொடுத்திருக்கிறீர்கள். குவெரியில் மேற்கோள் இல்லாத பெயரை எல்லாம் போஸ்ட்கிரேஸ் சிறிய எழுத்தாக்கிவிடும். இரட்டை மேற்கோளில் எழுதுங்கள். அதே இரட்டை மேற்கோளை மதிப்புக்குப் போட்டால் 'வேளச்சேரி' என்ற புலம் இல்லை என்று சொல்லும்; மதிப்புக்கு ஒற்றை மேற்கோள்.

'கரன்ட் டிரான்சாக்‌ஷன் இஸ் அபார்ட்டெட்' என்றால் முந்தைய ஒரு எரருக்குப் பிறகு ரோல்பேக் கொடுக்கவில்லை. 'வேக்யூம்' (அழிந்த பதிவுகளின் இடத்தைச் சுத்தம் செய்யும் கட்டளை) தனியாக ஓடும், நாலு குவெரியோடு சேர்த்து எஃப்5 அழுத்தினால் ஓடாது. மொத்தமும் ஒரே டிரான்சாக்‌ஷனாகப் போவதுதான் காரணம். அதை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள்.

எண்ணிக்கை குறைகிறது, கட்டத்தில் திருத்த முடியவில்லை

சரியாக 1000 பதிவு வந்தால் வொர்க்பெஞ்ச் உங்கள் செலக்டின் வாலில் 'லிமிட் 0, 1000' ஒட்டியிருக்கிறது. கீழ்ப் பட்டையில் அது எழுத்தாகவே தெரியும். அந்தக் கட்டத்திலிருந்து எக்ஸ்போர்ட் செய்தாலும் அதே 1000 தான். கணக்காளரிடம் போன பிறகு தெரிந்து பயனில்லை. டிபீவர் முதலில் 200 மட்டும் கொண்டுவரும், கீழே உருட்டினால் அடுத்தது வரும்.

கட்டத்தில் 'ரீட் ஒன்லி' என்றால் டேபிளுக்குப் பிரைமரி கீ இல்லை, அல்லது குவெரியில் ஜாயின் (டேபிள்களைச் சேர்த்துக் கேட்பது) இருக்கிறது.

இம்போர்ட்

எல்லா வாடிக்கையாளரின் கைபேசியும் 2147483647 என்று ஒரே எண்ணாக இருந்தால் சிரிக்காதீர்கள், புலம் 'இன்ட்'. அது தாங்கும் உச்சம் அவ்வளவுதான். நம் ஊர் 10 இலக்கக் கைபேசி எண் எதுவும் அதற்குள் அடங்காது. ஸ்டிரிக்ட் மோட் இருந்தால் 1264 கொடுத்து மறுத்திருக்கும். வார்கேராக்கி (எழுத்துப் புலமாக்கி) மறுபடி ஏற்றுங்கள். லேண்ட்லைனில் 044 என்பது 44 ஆகியிருந்தாலும் இதே மருந்து. ஆனால் நடுவில் எக்ஸெலில் திறந்து சேமித்திருந்தால் சைபர் அங்கேயே போயிருக்கும்.

1290 வந்தால் செக்யூர்_ஃபைல்_பிரிவ் என்ற மாறியைப் பாருங்கள். அது காட்டும் ஃபோல்டரில் உள்ள ஃபைலை மட்டுமே சர்வர் தொடும். அந்த ஃபோல்டர் சர்வரில் இருப்பது, உங்கள் லேப்டாப்பில் இல்லை. லேப்டாப்பிலிருந்து ஏற்ற 'லோட் டேட்டா லோக்கல்'. 3948 வந்தால் சர்வரில் லோக்கல்_இன்ஃபைலை 1 ஆக்குங்கள். 2068 வந்தால் வொர்க்பெஞ்சில் கனெக்‌ஷனின் அட்வான்ஸ்டு பக்கத்தில், அதர்ஸ் பெட்டியில் ஆப்ட்_லோக்கல்_இன்ஃபைல்=1 என்று எழுதுங்கள். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது.

பிஎச்பிமைஅட்மினில் பெரிய டம்ப் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) ஏறவில்லை என்றால் பிஎச்பியின் இயல்பு அப்லோட் அளவு 2 எம்பி. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ், போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் இரண்டையும் ஏற்ற வேண்டும். பல நூறு எம்பி என்றால் பிரவுசரோடு மல்லுக்கட்டாமல் கறுப்புத் திரைக்குப் போய்விடுங்கள்.

உள்ளேயே நுழைய முடியவில்லை

2003-க்குப் பக்கத்தில் 10061 என்றால் கதவு வரை போய்விட்டீர்கள், உள்ளே ஆளில்லை: சர்வீஸ் ஓடவில்லை அல்லது போர்ட் 3306 இல்லை. 10060 என்றால் வழியிலேயே ஃபயர்வால். வீட்டு பிராட்பேண்டில் ரௌட்டரை அணைத்துப் போட்டால், அல்லது கரன்ட் போய் வந்தால், ஐபி மாறியிருக்கும். நேற்று அனுமதித்த ஐபி இன்றைக்கு வேறு யாருடையதோ.

1045-இல் 'யூஸிங் பாஸ்வேர்ட்: நோ' என்று முடிந்தால் டூல் பாஸ்வேர்டையே அனுப்பவில்லை. 'எஸ்' என்றால் அனுப்பியது தப்பு, அல்லது அந்த யூசர் வேறு ஹோஸ்ட்டுக்கானவர். 1130 என்றால் உங்கள் ஐபியிலிருந்து யாருக்குமே அனுமதி இல்லை.

டிபீவரில் 'பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவுட்' என்றால் டிரைவர் பிராப்பர்ட்டீஸில் அலவ்பப்ளிக்கீரிட்ரீவல் என்பதை ட்ரூ ஆக்குங்கள். உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் சர்வருக்கு இது போதும். வெளி சர்வர் என்றால் எஸ்எஸ்எல்லை இயக்குவதுதான் சரியான வழி.

திடீரென்று மெதுவாகிறது

வொர்க்பெஞ்ச் இரண்டு நேரம் காட்டும். முதலாவது சர்வர் யோசித்த நேரம், இரண்டாவது பதில் உங்களிடம் வந்து சேர்ந்த நேரம். இரண்டாவது பெரிதாக இருந்தால் இண்டெக்ஸ் போட்டுப் பயனில்லை, குறைவான புலங்களைக் கேளுங்கள்.

முதலாவது பெரிதாக இருந்தால் குவெரியின் முன் 'எக்ஸ்பிளெய்ன்' (சர்வர் எப்படித் தேடப் போகிறது என்று காட்டும் சொல்) சேர்த்து ஓட்டுங்கள். பாசிபிள்_கீஸ் என்ற இடத்தில் இண்டெக்ஸின் பெயர் இருந்து, கீ என்ற இடத்தில் நல், டைப்பில் 'ஆல்' என்று வந்தால் 'வேர்' வரியைக் கவனியுங்கள்:

வேர் பின்கோடு = 600042

புலம் வார்கேர். வேளச்சேரிக்கான எண்ணை மேற்கோள் இல்லாமல் கொடுத்ததால் சர்வர் ஒவ்வொரு பதிவின் பின்கோடையும் எண்ணாக மாற்றிப் பார்க்கிறது, இண்டெக்ஸ் மூலையில் கிடக்கிறது. '600042' என்று ஒற்றை மேற்கோளில் போட்டு மறுபடி எக்ஸ்பிளெய்ன் ஓட்டினால் டைப் 'ரெஃப்' ஆகும். மேலே 1175-இன் வாலில் பார்த்ததும் இதே மாற்றம்தான். ஜாயினில் ஒரு பக்கம் வார்கேர், மறுபக்கம் இன்ட் என்று இருந்தால் மேற்கோள் உதவாது. ஒரு டேபிளின் புலத்தை மாற்றியே ஆக வேண்டும்.